ரெண்டு சீட்டு வண்டி

அடைக்கலராஜின் டாக்சியில் ஏறுகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த வண்டி நேரத்துக்குப் போய்ச் சேராது. வத்தலக்குண்டில் ஏறிக் கொடைக்கானலில் இறங்குவதற்குள் மூன்று நான்கு இடத்திலாவது நிறுத்துவார். குரங்கு காட்டவோ அருவி காட்டவோ டீ குடிக்கவோ இல்லை. ரோட்டில் கல் கிடந்தால் நிறுத்துவார். பின்னால் வருகிறவனுக்குக் கையைக் காட்டிவிட்டு இறங்கி, கல்லைத் தூக்கிக்கொண்டு மலைச்சரிவுப் பக்கத்து ஓடைக்குப் போய்ப் போட்டுவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வந்து ஏறுவார். பள்ளத்துப் பக்கம் உருட்டிவிட்டால் வேலை சுலபம். ஆனால் அது கீழ் வளைவில் வருகிறவன் தலையில் போய் விழுமே, அதனால் செய்யமாட்டார்.

"டிரைவர், இதெல்லாம் ஹைவேஸ்காரங்க வேலை இல்லையா?" என்று பின் சீட்டிலிருந்து யாராவது கேட்பார்கள். இருட்டிக்கொண்டு வருகிறது, பசிக்கிறது, குழந்தை அழுகிறது, கேட்காமல் என்ன செய்வார்கள்?

"ஆமாங்க," என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

கொடைக்கானல் மூஞ்சிக்கல் டாக்சி ஸ்டாண்டில் இதற்காக அவரை யாரும் கேலி செய்ததில்லை. கேலி செய்யாத டாக்சி ஸ்டாண்டு என்று தமிழ்நாட்டில் எங்கேயாவது உண்டா? அங்கே ஒருவனுக்கு வழுக்கை விழுந்தால் போதும், ஒரு மாசத்துக்கு ஓட்டிவிடுவார்கள். ஆனால் அடைக்கலராஜ் கல் பொறுக்குகிற விஷயத்தில் மட்டும் எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

மலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குக் காரணம் தெரியும், சமவெளிக்காரர்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் இங்கே பெய்கிற மழையிலும் இறங்குகிற மேகத்திலும் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு வண்டியை விட்டால், அது பிடித்துக்கொண்டு அப்புறம் விடவே விடாது. ஆகவே கியரில் போட்டு நிறுத்திவிட்டு, சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்லைக் கொடுப்பார்கள். வாழைத்தார் ஏற்றுகிற ஜீப்பிலிருந்து டூரிஸ்ட் வேன் வரை எல்லாருக்கும் இதே பழக்கம். நல்ல பழக்கம்தான். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போட வேண்டும், அங்கேதான் கோளாறு. ஏறி உட்கார்ந்து கிளட்ச்சை விட்டால் வண்டி போய்விடும், கல் நடு ரோட்டில் கிடக்கும். திரும்ப இறங்குவதற்கு எவனுக்குப் பொறுமை இருக்கிறது?

மூன்று வருஷத்துக்கு முன்னால், மேகம் இறங்கிய ஒரு சாயங்காலத்தில், பெருமாள்மலைக்குக் கீழே ஒரு வளைவில், அப்படி யாரோ விட்டுப்போன கல்லில்தான் எல்வினின் பைக் ஏறியது. எல்வின் அடைக்கலராஜின் ஒரே மகன். வத்தலக்குண்டில் ஒரு பைக் ஷோரூமில் மெக்கானிக்காக இருந்தான். வேலை முடிந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். இருபத்துமூன்று வயது. பண்ணைக்காட்டிலிருந்து வந்த ஜீப்காரர்தான் பார்த்துத் தூக்கினார், அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அடக்கத்துக்கு மலையில் உள்ள டிரைவர்கள் அத்தனை பேரும் வந்தார்கள். மண் போட வரிசையில் நின்றபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கல் யார் வைத்தது என்று யாருக்குத் தெரியும்? வைத்தவனுக்கே நினைவிருக்குமோ என்னவோ. அடைக்கலராஜ் அன்றைக்கு மதுரை ஏர்போர்ட்டுக்கு டிரிப் போயிருந்தார், அது அவர் வைத்த கல் இல்லை. அதனால் மனசு ஆறிவிடுமா? வாலிப வயதில், பண்ணைக்காட்டிலிருந்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு வாழை ஏற்றிக்கொண்டு போன காலத்தில், அவரும்தான் எத்தனையோ கல்லை அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். யாரைப் பிடித்துச் சட்டையை உலுக்குவது? ரோட்டில் கிடக்கிற கல்லைத்தான் எடுக்க முடியும், அதை எடுக்கிறார்.

இந்த மனுஷனுக்குத்தான் கல்லறைத் திருநாள் முடிந்த மறுநாள் காலையில் சௌம்யாவிடமிருந்து போன் வந்தது.

சௌம்யா செண்பகனூர் பங்களா சேனாதிபதியின் மகள். சேனாதிபதிக்குப் பண்ணைக்காட்டில் காப்பித் தோட்டம், செண்பகனூரில் பங்களா. அவரிடம் அடைக்கலராஜ் பத்து வருஷம் டிரைவராக இருந்தார். சொந்தமாக டாக்சி எடுக்க உதவியதும் அவர்தான். போன வருஷம் அவர் காலமாகிவிட்டார்.

"டிரைவர் அண்ணே, நல்லா இருக்கீங்களா? பங்களாவ வித்தாச்சு அண்ணே. எனக்கு பெங்களூர்ல இருந்துக்கிட்டு இதைப் பார்த்துக்க முடியல. சனிக்கிழமைக்குள்ள எல்லாத்தையும் காலி பண்ணிக் குடுக்கணும்."

"சரி பாப்பா."

"ஷெட்ல அந்த க்ரீன் கார் இருக்கில்ல? கோயம்புத்தூர்ல பழனிக்குமார்னு ஒருத்தர், பழைய கார்லாம் வாங்கி ரெஸ்டோர் பண்றவர், எடுத்துக்கிறேன்னு சொல்றார். ஆனா அப்பா சொல்லிட்டுத்தான் போனாங்க. அந்த வண்டிய குடுக்கிறதா இருந்தா மொதல்ல அடைக்கலத்துக்கிட்ட கேளுன்னாங்க. அவர் குடுக்கிறதுல பாதி குடுங்க போதும். சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள சொல்லிருங்கண்ணே."

அடைக்கலராஜ் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அவள் வைத்து வெகுநேரம் ஆகியிருந்தது.

பச்சை நிற எம்ஜி மிட்ஜெட். இரண்டே சீட்டு, கான்வாஸ் கூரை, முழங்கால் உயரம்தான் இருக்கும். ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார வாத்தியார் ஒருவரிடமிருந்து சேனாதிபதி ஆசை ஆசையாக வாங்கினார். ஏரியைச் சுற்றி அதில் ஒரு ரவுண்டு வந்தால் டூரிஸ்டுகள் குதிரையை விட்டுவிட்டு இதைப் பார்ப்பார்களாம். அப்புறம் முதுகுவலி வந்து அவரால் குனிந்து ஏற முடியாமல் போயிற்று. விற்கவும் மனசு வரவில்லை. "அடைக்கலம், வாரத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி கேட் வரைக்கும் போயிட்டு வந்துரு. இல்லன்னா செத்துப்போகும்," என்று சாவியை இவர் கையில் கொடுத்துவிட்டார்.

அப்படி ஆரம்பித்ததுதான் அந்த ஞாயிற்றுக்கிழமைகள். காலைப் பூசை முடிந்ததும் கோயில் உடுப்போடு நேரே பங்களாவுக்குப் போவார்கள், மூன்று பேரும். அடைக்கலராஜ் ஸ்டியரிங்கில். பக்கத்தில் அவர் மனைவி கித்தேரியம்மாள், தலையில் போட்ட முக்காட்டைக்கூட எடுத்திருக்கமாட்டாள். இரண்டு சீட்டுக்கும் நடுவே கியர்பாக்ஸ் மேல் உள்ள திட்டில் ஒரு தலையணையைப் போட்டு எல்வின் உட்காருவான். இன்ஜின் சூடேற ஏற அந்தத் திட்டும் சுடும். "அம்மா, சூடா இருக்கும்மா, ஐயோ நல்லா இருக்கும்மா," என்பான். கொடைக்கானல் குளிருக்கு வேறு என்ன வேண்டும்? ஷெட்டிலிருந்து கேட் வரை இறக்கம், கேட்டிலிருந்து ஷெட் வரை ஏற்றம். அவ்வளவுதான் சவாரி. ஆனால் உலகம் சுற்றி வந்தவர்கள்போல முகத்தை வைத்துக்கொண்டு இறங்குவார்கள். சேனாதிபதி வராந்தாவில் காப்பி டம்ளரோடு நின்று சிரிப்பார்.

கல் வைக்கிற வேலை எல்வினுடையது. அவனே தோட்டத்தில் தேடிப் பிடித்த கல், ஒரு பக்கம் சப்பையாகச் சக்கரத்துக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். ஆறு வயதில் அவனால் அதைக் கையில் தூக்க முடியாது. வயிற்றோடு அணைத்துக்கொண்டு, முழங்கால் மடங்க மடங்கத் தூக்கி வருவான். கிளம்பும்போது அடைக்கலராஜ் உள்ளேயிருந்து, "கல்லு!" என்று குரல் கொடுப்பார். "எடுத்தாச்சு!" என்று பின்னாலிருந்து பதில் வரும். எடுத்து ஓரமாக வைத்துவிட்டு ஓடிவந்து நடுவில் ஏறிக்கொள்வான். அந்தப் பதில் வராமல் அடைக்கலராஜ் வண்டியை அசைக்கமாட்டார். டாக்சியிலும் அதே பழக்கம் வந்துவிட்டது, பையனுக்குப் பயந்து. "அப்பா, கல்ல எடுத்தியா? எடுக்கலையா? திருப்பு வண்டிய," என்று பெருமாள்மலையிலிருந்து திரும்ப வைத்திருக்கிறான், படவா. அப்படிப்பட்ட பிள்ளை! கல்லை விட்டுவிட்டு வராத ஒரே ஆள் இந்த மலையில் அவன்தான், அவனைத்தான் கல் எடுத்துக்கொண்டது. இதை யாரிடம் போய் நியாயம் கேட்பது?

வளர்ந்து ஆறடி ஆன பிறகும் அவன் நடுவில்தான் உட்கார்ந்தான். முழங்கால் இரண்டும் மோவாயை இடிக்கும். "நான் சம்பாதிச்சு இந்த வண்டிய வாங்குவேன், பாத்துக்கிட்டே இருங்க," என்பான்.

"ரெண்டு சீட்டு வண்டிய வாங்கி என்ன செய்யப்போறடா? எங்களை எங்க வைப்ப?" என்பாள் கித்தேரியம்மாள்.

"நீங்க ரெண்டு பேரும் சீட்டுல. நான் எப்பவும் போல நடுவுல."

"கட்டிக்கிட்டு வர்றவள?"

"அவ டாக்சில வரட்டும்."

அவன் போன பிறகு அடைக்கலராஜ் அந்தப் பங்களாப் பக்கமே போகவில்லை. சாவியைச் சேனாதிபதியிடம் கொடுத்தபோது அவரும் ஏன் என்று கேட்கவில்லை. வண்டி ஷெட்டில் அப்படியே நின்றது.

போன் வந்த அன்றே, வீட்டில் சொல்லாமல் ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தார். பார்த்திருக்க வேண்டாம். கான்வாஸ் கூரை கிழிந்து தொங்கியது. பானெட்டில் பாசி ஏறியிருந்தது. நான்கு டயரிலும் காற்றில்லை. திறந்து பார்த்தால், வயரை எல்லாம் எலி கடித்துக் குதறி, பேட்டரி இருந்த இடத்தில் கூடு கட்டி வைத்திருந்தது. சீட்டைத் தொட்டதும் லெதர் அப்பளம்போல் நொறுங்கியது. வாரத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் செய்யாவிட்டால் செத்துப்போகும் என்று அந்த மனிதர் சொன்னாரே, சொன்னபடியே ஆகிவிட்டது. நம்மால்தான் இப்படி ஆனது என்று அடைக்கலராஜ் நொந்துகொண்டார்.

பின் சக்கரத்தைப் பார்த்தார். கல் இருந்தது. கடைசி ஞாயிற்றுக்கிழமை எல்வின் வைத்த கல், வைத்த இடத்தில் வைத்தபடி. சுற்றிலும் பாசி படர்ந்து தரையோடு சேர்ந்துபோயிருந்தது. இத்தனை வருஷமாக, இந்தச் சரிவில், இந்த வண்டியை அதுதான் பிடித்து வைத்திருந்தது. அடைக்கலராஜ் அங்கேயே குத்துக்கால் வைத்து உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கும்போது, வேறு யாருக்கும் விடக் கூடாது, வாங்கிவிடுவது என்று ஏறக்குறைய முடிவே செய்திருந்தார்.

பணம் இல்லாமல் இல்லை. எல்வின் பேரில் வந்த இன்சூரன்ஸ் பணம் பேங்கில் கிடந்தது. புருஷனும் பெண்டாட்டியும் அதைத் தொடவில்லை. அதில் ஒரு டீ வாங்கிக் குடிக்கக்கூட அவர்களுக்குக் கை வராது. ஆனால் இதற்குத் தொடலாமே என்று அடைக்கலராஜ் நினைத்தார். அவன் ஆசைப்பட்டது இது ஒன்றுதானே?

ஸ்டாண்டில் நல்லசாமியிடம் மட்டும் சொன்னார். நல்லசாமி அவரைவிட இளையவன், மாமா மாமா என்று உயிரை விடுவான், வாய் மட்டும் சும்மா இருக்காது.

"மாமா, உங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? ஒரு பல்பு போனாக்கூட பார்ட்ஸுக்கு லண்டனுக்கு ஆள் அனுப்பணும். மூஞ்சிக்கல்லுல ரெண்டு ரூம் வீடு. இதை எங்க நிப்பாட்டுவீங்க, அத்தை அடுப்படியிலயா?"

"தார்ப்பாய் போட்டு வாசல்ல நிப்பாட்டிக்கிறேன்."

"ஓடுமா?"

"ஓட்டிருவேன்."

"ஓட்டி எங்க போகப்போறீங்க?"

அடைக்கலராஜ் துணியை எடுத்து டாக்சிக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். நல்லசாமிக்கு அப்போதுதான் உறைத்தது, கேட்டிருக்கக் கூடாது என்று. "நான் ஒரு கூறுகெட்டவன், விடுங்க மாமா. வாங்குறதுன்னா சொல்லுங்க, கட்டி இழுத்துட்டு வர நான் வர்றேன்," என்று டீ சொல்லப் போய்விட்டான்.

கித்தேரியம்மாளிடம் மறுநாள் காலையில் சொன்னார். அவள் ஒரு ஸ்கூல் ஹாஸ்டலில் சமையல் வேலை செய்கிறாள், வெள்ளனே கிளம்பிவிட வேண்டும். ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுக்கொண்டே முழுவதையும் கேட்டாள்.

"வேணாம்," என்றாள்.

"என்ன வேணாம்? அவன் ஆசைப்பட்ட வண்டி."

"வேணாங்க."

"பணத்துக்காகச் சொல்றியா? அந்தப் பணத்த வச்சு என்ன செய்யப்போறோம்? நம்ம ரெண்டு பேரையும் அடக்கம் பண்ணவா?"

"பணத்தப் பத்தி நான் பேசுனேனா?"

"அப்ப ஏன்? ஏன்னு சொல்லு. கோயம்புத்தூர்க்காரன் கொண்டுபோய் அதுக்குச் செவப்புப் பெயின்ட் அடிச்சு எவனாவது ஒரு பணக்காரப் பயகிட்ட விக்கட்டுமா? அவன் உக்காந்த எடத்துல எவனோ உக்காரட்டுமா?"

குரல் ஏறிவிட்டது. அடைக்கலராஜ் வீட்டில் குரல் உயர்த்துகிறவர் இல்லை. கித்தேரியம்மாள் அவரைப் பார்த்தாள், பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்கப்புறம் அவர்களுக்குள் பேச்சு இல்லை. சோறு போட்டாள், சாப்பிட்டார். ஜெபம் சொன்னார்கள், அதுவும் தனித்தனியாக. பெற்றவளுக்கு இப்படியும் ஒரு கல் நெஞ்சா என்று அவர் மனசுக்குள் பொருமினார், உடனே அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டார். மறுபடியும் பொருமினார்.

சனிக்கிழமை காலையில் பேங்க் பாஸ்புக்கைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். டாக்சிக் கதவைத் திறந்தால் கித்தேரியம்மாள் முன் சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். கோயிலுக்குக் கட்டுகிற சேலை, தலையில் முக்காடு.

"வேலைக்குப் போகல?"

"லீவு சொல்லிட்டேன். போங்க."

பங்களாவில் பாதிச் சாமான் லாரியில் ஏறியிருந்தது. சௌம்யா ஓடிவந்து கித்தேரியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். எல்வினைப் பற்றி என்னவோ சொல்ல வந்து, சொல்ல முடியாமல், "டீ சாப்பிடுறீங்களா அக்கா?" என்றாள். பழனிக்குமார் ஏற்கனவே வந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். வண்டியை ஏற்றிப்போக ஒரு பெரிய வேன், கூட இரண்டு ஆட்கள். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். "நீங்க எடுத்துக்கிறதா இருந்தா எனக்கு வருத்தமே இல்லைங்க. டயர்ல காத்து மட்டும் அடிச்சு வச்சிருக்கேன். எந்தப் பக்கம் போனாலும் ஷெட்ட விட்டு வெளிய வரணுமில்லீங்களா," என்று சொல்லிவிட்டு மரியாதையாகத் தள்ளிப்போய் நின்றார்.

கித்தேரியம்மாள் நேரே ஷெட்டுக்குள் போனாள். வண்டியைச் சுற்றி வரவில்லை, தொட்டுப் பார்க்கவில்லை. இடது பக்கக் கதவைத் திறந்து, நொறுங்கிய சீட்டில் சேலையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நீங்களும் உக்காருங்க."

அடைக்கலராஜ் வலது பக்கம் ஏறினார். பல வருஷத்துப் பழக்கம், உடம்பு தானாகக் கொஞ்சம் வெளிப்பக்கம் ஒதுங்கியது, நடுவில் இருப்பவனுக்கு இடம் விட்டு. கித்தேரியம்மாளும் அப்படித்தான் ஒதுங்கியிருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவே அந்தத் திட்டு வெறுமையாக இருந்தது. தலையணை இல்லை, எலி தின்றிருக்கும்.

"இப்பச் சரியா உக்காருங்க. ஒதுங்காம," என்றாள்.

நகர்ந்து உட்கார்ந்தார். அவளும் நகர்ந்தாள். சீட்டு சீட்டாக, ஆளுக்கு ஒன்று. முழங்கை வைக்க இடம் இருந்தது. காலை நீட்ட முடிந்தது. வண்டி செய்தவன் எப்படி உட்காரச் சொல்லிச் செய்தானோ, அப்படி அவர்கள் அதில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

"பாத்தீங்களா," என்றாள் கித்தேரியம்மாள். அவள் முன்கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "எவ்வளவு தாராளமா இருக்கு. நம்ம ரெண்டு பேருக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. அதான் வேணாம்ங்கிறேன்."

அடைக்கலராஜ் ஸ்டியரிங்கில் படிந்திருந்த தூசியை விரலால் துடைத்தார்.

"நீங்க ரிப்பேர் பண்ணிருவீங்க. அது எனக்குத் தெரியும். புதுசாக்கூட ஆக்கிருவீங்க. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு போவோம். மொத வாரம் ஒதுங்கி உக்காருவோம். ரெண்டாவது வாரம் ஒதுங்குவோம். அப்புறம் ஒருநாள் இப்படித்தான் சரியா உக்காந்துருவோம், இடுப்பு வலிக்குதுன்னு. அன்னைக்கு அவன் எங்க உக்காருவான்? சொல்லுங்க. டாக்சில நாலு சீட்டு இருக்கு, வீட்டுல ஒரு ரூமு இருக்கு. அங்கெல்லாம் எடம் காலியா கெடந்தாலும் அது அவன் எடம்தான். இந்த வண்டில மட்டும் நம்ம ரெண்டு பேரு போதும்னு ஆயிருதுங்க. என்னால முடியாது. அம்மாவே, மாதாவே, என்னால முடியாது."

அப்போதுதான் அழுதாள். அடக்கத்தன்று அழுததற்குப் பிறகு அடைக்கலராஜ் அவள் அழுது பார்க்கவில்லை. இந்த மூன்று வருஷமும் இவள் எங்கே போய் அழுதிருப்பாள், ஹாஸ்டல் சமையல்கட்டில் வெங்காயம் உரிக்கும்போதா என்று அவருக்குத் தோன்றியது. கல் நெஞ்சு என்று நினைத்தாரே, பாவி மனுஷன். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அவரும் அழுதார். பாஸ்புக் நெஞ்சில் குத்தியது. வெளியே நின்றவர்கள் யாரும் உள்ளே வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள். அடைக்கலராஜ் இறங்கவில்லை. பழனிக்குமாரைக் கூப்பிட்டார்.

"நீங்களே எடுத்துக்கங்க சார். ஒண்ணே ஒண்ணு. கேட் வரைக்கும் ஸ்டியரிங் நான் புடிச்சுக்கிறேன்."

"தாராளமா புடிங்க. உங்க வண்டிங்க இது," என்றார் பழனிக்குமார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர் நன்றாக இருக்கட்டும்.

ஆட்கள் பின்னால் போய்த் தள்ளத் தயாராக நின்றார்கள். இறக்கம்தான், கல்லை எடுத்தால் தானாகவே நகரும். அடைக்கலராஜ் பிரேக்கை மிதித்துப் பார்த்தார், பாதி பிடித்தது. நியூட்ரலுக்குத் தள்ளினார். கை ஸ்டியரிங்கில், கண் கேட்டில். அப்புறம் அவர் நினைக்காமலே, நினைத்திருந்தால் வாயே திறந்திருக்காது, அந்தக் குரல் வந்துவிட்டது.

"கல்லு!"

என்ன சொன்னோம் என்பது அவருக்கே அப்போதுதான் காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. ஆட்களில் ஒருவன் குனியப் போனான். "நீ இரு தம்பி," என்று கித்தேரியம்மாளின் குரல் கேட்டது. பாசியோடு ஒட்டிக்கிடந்த கல் லேசில் வரவில்லை. அவள் மண்டியிட்டு, இரண்டு கையாலும் ஆட்டி ஆட்டிப் பெயர்க்கிற சத்தம் கேட்டது. வண்டி ஒரு விரற்கடை அசைந்தது. அவர் பிரேக்கை மிதித்துக்கொண்டு காத்திருந்தார். அந்தப் பதில் வராமல் அவர் வண்டியை எடுத்ததில்லை.

"எடுத்தாச்சு," என்றாள் கித்தேரியம்மாள்.

வண்டி உருண்டது. இன்ஜின் சத்தம் இல்லாமல், சக்கரம் மட்டும் சரளையில் நெரிய, கேட் வரை போய் நின்றது. அவ்வளவுதான் சவாரி.

ஏற்றிக் கட்டினார்கள். சௌம்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே, அக்கா, வண்டில இருந்து ஏதாச்சும் வேணும்னா எடுத்துக்கங்க. ஸ்டியரிங் கூட எடுத்துக்கங்க, நான் அவர்ட்ட சொல்றேன்," என்றாள்.

"இது போதும் பாப்பா," என்றாள் கித்தேரியம்மாள்.

எல்லாரும் அப்போதுதான் பார்த்தார்கள். அவள் அந்தக் கல்லைக் கீழே போடவில்லை. கோயில் சேலை எல்லாம் பாசியும் சேறுமாக, வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். பார்க்கிற கல்லையெல்லாம் தூக்கி ஓடையில் போடுகிற அடைக்கலராஜ் போய் டாக்சிக் கதவைத் திறந்துவிட்டார். அவள் மடியில் வைத்துக்கொண்டே வீடு வரை வந்தாள்.

ஒரு வாரம் அது மாதா படத்துக்குக் கீழே இருந்தது. கழுவித் துடைத்து வைத்திருந்தாள். அப்புறம் ஒருநாள் காலையில், அவர் டிரிப்புக்குக் கிளம்பும்போது, தூக்கிக்கொண்டு வந்து டாக்சி டிக்கியில் வைத்தாள்.

"இதை ஏன் இங்க வைக்கிற?"

"வீட்டுல சும்மா கெடக்கு. வேலை செய்யட்டும்." டிக்கியைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: "எங்கயாச்சும் விட்டுட்டு வந்துறாதீங்க."

மகன் போனதிலிருந்து அடைக்கலராஜ் சக்கரத்துக்குக் கல் வைத்ததில்லை, ஒரு மரக்கட்டையைத்தான் வைத்திருந்தார். இப்போது மறுபடியும் கல் வைக்கிறார். சரிவில் நிறுத்தினால் டிக்கியைத் திறந்து எடுத்து வந்து சக்கரத்துக்குக் கொடுப்பார். கிளம்பும்போது குனிந்து எடுத்து, கைக்குட்டையால் ஈரத்தைத் துடைத்து, திரும்ப டிக்கியில் வைப்பார். அந்த ஒரு கல்லை மறந்து ரோட்டில் விட்டுவிட்டு வர அவரால் முடியுமா? உயிர் போனாலும் முடியாது. ரோட்டில் கிடக்கிற மற்றக் கல்லுக்கும் நிறுத்தத்தான் செய்கிறார், ஆகையால் அவர் வண்டி இன்னமும் நேரத்துக்குப் போய்ச் சேர்வதில்லை.

டிக்கியைச் சாத்திவிட்டு முன்னால் வந்து ஏறும்போது ஒரு வார்த்தை சொல்வார். சத்தமாக இல்லை, ஆனால் பின் சீட்டுக்குக் கேட்கும்.

"எடுத்தாச்சு."

"என்ன டிரைவர், எங்ககிட்டயா சொன்னீங்க?" என்று யாராவது கேட்பார்கள்.

"இல்லைங்க," என்பார். கியரைப் போடுவார், வண்டி கிளம்பும்.